கண்டெய்னர் மேல் வத்தல்

கரையோர மண்டலக் குடும்பநல வாரியம் வாயால் பொய் சொல்லாது. சுவரில் எழுதிவிடும். எண்ணூர் விரைவுச் சாலையில், டிரெய்லர் லாரிகள் துறைமுகத்துக்குள் போகக் காத்துக் கிடக்கும் இடத்தில் ஒரு நீளமான மதில் உண்டு. அதற்கு மஞ்சள் பூசி, ஆளுயர எழுத்தில் வாரியம் எழுதியிருந்தது: ‘அரண் ஆணுறை. அணிந்தால் கர்ப்பம் இல்லை. நூறு சதவீதப் பாதுகாப்பு.’ பக்கத்தில் ஒரு தம்பதியின் படம். என்னத்துக்குச் சிரிக்கிறார்கள் என்று தெரியாது, ஆனால் இரண்டு பேரும் கவலையில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

சுவர் விளம்பரத்தை நின்று படிக்க யாருக்கு நேரம் இருக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். டிரெய்லர் ஓட்டுகிறவனுக்கு இருக்கிறது. துறைமுக வரிசை அவ்வளவு சுலபத்தில் நகராது. காலையில் வந்து நின்றவன் மறுநாளும் அங்கேயே நிற்பான். கேபினுக்குள்ளேயே சமைப்பான், தூங்குவான், ஜெபமும் சொல்லிக்கொள்வான். கண்ணைத் திறந்தால் எதிரே அந்த மதில்தான். ராயபுரத்து ஜெரி பல வருஷமாக அந்த வரிசையில் நிற்கிறவன். பள்ளிக்கூடத்தில் படித்தது எதுவும் அவன் தலையில் தங்கவில்லை. இந்த மதில் மட்டும் எழுத்துக்கு எழுத்து தங்கிவிட்டது.

அவன் மனைவி ஆன்சி, ஏற்றுமதிக்கு இறால் உரிக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் ஆபரேஷன். இரண்டாவதற்குப் பிறகு டாக்டரம்மா கூப்பிட்டு உட்கார வைத்து, உள்தையல் ரொம்ப மெல்லிசாக இருக்கிறது, மூன்று வருஷத்துக்கு வயிற்றில் இன்னொன்று தங்கவே கூடாது, தங்கினால் உயிருக்கு உத்தரவாதம் இல்லை என்று சொல்லி அனுப்பினார். உடம்பில் ரத்தம் போதாததால் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷனைத் தள்ளிப் போட்டிருந்தார்கள். காப்பர்-டி போட்டுப் பார்த்தார்கள், ஒத்துக்கொள்ளவில்லை. மிச்சம் இருந்தது அரண்தான். திருவொற்றியூரில் வாரியத்தின் மண்டல அலுவலகத்தில், இடது கவுண்டரில், கேட்டவருக்கெல்லாம் இலவசமாகக் கொடுத்தார்கள்.

இந்த விஷயத்தில் ஜெரியை யாரும் குறை சொல்ல முடியாது. குடித்திருந்தாலும் மறக்கமாட்டான். மனைவி செத்துப் போய்விடக் கூடாது என்ற பயம் அவனுக்கு உண்மையாகவே இருந்தது. அதனால்தான் அடுத்து நடந்தது ஆன்சிக்கு அவ்வளவு வலித்தது.

கைக்குழந்தை பால் குடிக்கிற காலம், மாதக்கணக்கு ஒழுங்காக வருவதில்லை. வயிறு கனக்கிறதே என்று போய்க் காட்டியபோது நாலு மாதம் முடிந்திருந்தது. வீட்டுக்கு வந்து சொன்னாள். தையல் தாங்குமா என்றுதான் அவன் முதலில் கேட்பான் என்று நினைத்தாள். அவன் வேறு ஒன்றைக் கேட்டான்.

"யாரு?"

ஆன்சிக்கு முதலில் கேள்வியே புரியவில்லை. புரிந்ததும் அவனை அடிக்கக் கை ஓங்கினாள். அவன் அடியை வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றான், ஆனால் பேச்சை விடவில்லை.

"நான் ஒரு நாளாச்சும் அத்த போடாம வந்துகீறனா? நீயே சொல்லு. கவர்மெண்டு செவுத்துல எழுதி வெச்சிகீது, நூறுன்னு. தொண்ணூத்தொம்போதுன்னு எழுதிருந்தா அந்த ஒண்ணு நான்தான்னு வாய மூடிக்கினு போய்டுவேன். நூறுன்னு எழுதிகீதே. கவர்மெண்டுக்கு உம்மேல இன்னா காண்டு?"

சுவருக்கும் தனக்கும் இடையில் புருஷன் சுவரை நம்புகிறான் என்பது ஆன்சிக்கு மெல்ல மெல்லத்தான் உறைத்தது. தலையணையை எடுத்துக்கொண்டு டிரெய்லர் கேபினுக்குக் குடிபோகுமுன் அவன் ஒரு வழியும் சொல்லிவிட்டுப் போனான்.

"அந்த ஆபீஸ்காரன் வாயால, இது ஃபெயிலாவும்னு ஒரு வார்த்த சொல்ல வை. அப்பால நான் உன் கால்ல வுழறேன்."

தண்டையார்பேட்டையிலிருந்து மாமியார் வந்தாள். சத்தம் போடவில்லை. இரண்டு பேரப்பிள்ளைகளையும் வெளிச்சத்தில் பிடித்து மூக்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுப் போனாள். குழாயடியில் பேச்சு நின்று நின்று நடந்தது. மாதா கோயில் சாமியாரிடம் போய் அழவும் வழியில்லை. அவர் கணக்கில் உறை கிழிந்தது பாவமில்லை, போட்டதே பாவம். ஆக, உலகத்தில் ஆன்சிக்கு வேண்டியது ஒரே ஒரு வாக்கியம். அதைச் சொல்ல வேண்டியவர்கள் திருவொற்றியூரில் சம்பளம் வாங்கிக்கொண்டிருந்தார்கள்.

மண்டல அலுவலகத்தில் இரண்டு கவுண்டர்கள் உண்டு. இடது பக்கம் ஆணுறை. வலது பக்கம் கர்ப்பிணிகளுக்கான பதிவு. நடுவில் ஒரு கதவு. இடது கவுண்டரில் இருந்தவர் செங்கொடி சிஸ்டர். ஆன்சி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, அக்கம்பக்கம் பார்த்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு பேசினார். நூறு ஜோடி ஒரு வருஷம் முழுக்க ஒரு பிசகும் இல்லாமல் போட்டாலே இரண்டு பேருக்குத் தங்கிவிடும், மனுஷர்கள் சாதாரணமாகப் போடுகிற மாதிரி போட்டால் பதின்மூன்று பேருக்குத் தங்கும், இது புத்தகத்திலேயே இருக்கிறது, அப்படியும் நல்ல சாதனம்தான், ஒன்றுமே இல்லாமல் இருப்பதற்கு எவ்வளவோ மேல் என்றார். ஆன்சிக்கு உயிர் வந்தது. அதை என் வீட்டுக்காரரிடம் வந்து சொல்லுங்கள் என்று கையைப் பிடித்தாள். செங்கொடி கையை விடுவித்துக்கொண்டார்.

"இது உலகத்துக்கே தெரியும் ஆன்சி. இந்த ஆபீஸுக்கு மட்டும் தெரியக் கூடாது."

காரணம் எளிது. ‘தோல்வியில்லா மண்டலம்’ என்ற கேடயத்தை இந்த அலுவலகம் ஆறு வருஷமாக விடாமல் வாங்கி வருகிறது. ஏழாவது கேடயத்துக்குச் சுவரில் ஆணி அடித்தாயிற்று.

முறைப்படி போகலாம் என்று ஆன்சி தரப் பிரிவுக்குப் போனாள். அங்கிருந்தவர் மரியாதையாகத்தான் பேசினார். தோற்றுப்போன உறையைக் கொண்டுவந்தால் உடனே பரிசோதனைக்கு அனுப்பிவிடலாம் என்றார். அதை யாராவது எடுத்து வைப்பார்களா சார் என்று இவள் கேட்க, பொதுமக்களிடம் பொறுப்புணர்வு குறைந்துகொண்டே வருகிறது என்று வருத்தப்பட்டார். போகட்டும், சம்பவத்துக்குச் சாட்சி யாராவது உண்டா என்று கேட்டார். என் வீட்டுக்காரர்தான் கூட இருந்தார் என்றாள். அவர் எதிர்த்தரப்பு ஆயிற்றே, வேறு யாராவது அந்தச் சமயம் அறையில் இருந்தார்களா என்று அவர் நிஜமாகவே கேட்டார். ஆன்சி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். கிண்டல் பண்ணுகிறாரா என்று தேடினாள், கிடைக்கவில்லை.

அடுத்தது அணியும் முறை ஆய்வுக் குழு. பொருளில் குற்றமில்லாதபோது போட்டவன் கையில்தான் குற்றம் இருக்க வேண்டும் என்பது வாரியத்தின் கொள்கை. ஆகவே ஜெரி நேரில் வந்து போட்டுக் காட்ட வேண்டும் என்று ஆள் விட்டார்கள். வரமாட்டான் என்று ஆன்சி நினைத்தாள். தன் பக்கம் தப்பில்லை என்று நிரூபிக்க அவனுக்கும் ஆசை இருந்ததால் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டு வந்தான். ஐந்து பேர் குழு. மேசைமேல் மரத்தில் கடைந்த மாதிரி ஒன்று வைத்திருந்தார்கள். அலுவலகத்தின் மற்ற சாமான்களோடு அதற்கும் ஆயுத பூஜை அன்று சந்தனம் குங்குமம் இட்டிருந்தார்கள், பொட்டு இன்னும் அழியவில்லை.

ஜெரி வேலையைத் தொடங்கினான். முதலில் பாக்கெட்டில் தேதி பார்த்தான். விரலால் அமுக்கி உள்ளே காற்று இருக்கிறதா என்று பார்த்தான். பல்லால் கடிக்காமல் ஓரத்தைக் கையால் கிழித்தான். நுனியைக் கிள்ளிப் பிடித்து, பொட்டு கலையாமல், அடிவரை உருட்டினான். கழற்றும்போது அடியைப் பிடித்துக்கொண்டான். முடிச்சுப் போட்டுக் காகிதத்தில் சுற்றினான். தேங்காய் எண்ணெய் தடவுவது உண்டா என்று குழுவில் ஒருவர் மடக்கப் பார்த்தார். ரப்பரில் எண்ணெய் பட்டால் உப்பி இற்றுப் போய்விடும், லாரிக்காரனிடம் போய் இதைக் கேட்கிறீர்களே என்றான். ஐந்து பேரும் எழுந்து நின்று கை தட்டினார்கள். அங்கேயே அவனுக்கு ‘மாதிரிப் பயனாளி’ என்று பட்டம் கொடுத்து, பொன்னாடை போர்த்தி, ஆண்டு விழாவில் முன்வரிசை நாற்காலியும் ஒதுக்கினார்கள்.

பிறகு குழுத்தலைவர் முடிவை வாசித்தார். பொருள் குறையற்றது. பயன்படுத்துபவர் குறையற்றவர். மூன்றாவது நபரைப் பற்றிக் கருத்துச் சொல்ல இக்குழுவுக்கு அதிகாரம் இல்லை.

மூன்றாவது நபர் கதவோரம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். ஜெரி பொன்னாடையோடு அவளைத் தாண்டிப் போனான். திரும்பிப் பார்க்கவில்லை. நியாயம் கேட்டு வந்த இடத்தில் தன் எதிராளிக்குப் பரிசு கொடுத்து அனுப்பியதை அவள் தன் கண்ணாலேயே பார்த்தாள். அழுகை வரவில்லை. அடிவயிற்றில் தையல் இருந்த இடம் இழுத்துப் பிடித்தது, அவ்வளவுதான்.

கடைசியாக மண்டல அலுவலர் நிலவன். பெற்றோர் வைத்த பெயர் வேறு. பதவி உயர்வு வந்தபோது இந்தப் பெயரை வைத்துக்கொண்டார். ஆன்சி அவர் அறைக்குள் போனபோது ஜன்னலுக்கு வெளியே காவலாளி அப்பாவு ஏணியில் ஏறிக்கொண்டிருந்தார். ஏணி ஒரு கண்டெய்னர்மேல் சாய்ந்திருந்தது.

அந்தக் கண்டெய்னருக்கு ஒரு கதை உண்டு. புயல் மழையில் அலுவலகத்தின் கிடங்குக்குள் இடுப்பளவு தண்ணீர் புகுந்தது. சரக்கு நாசமாயிற்று. இனி ஒரு சொட்டுத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது என்று நிலவன் சபதம் செய்து, துறைமுகப் பக்கம் கழித்துப் போட்டிருந்த இரும்புக் கண்டெய்னர் ஒன்றை வாங்கி, முற்றத்தின் நடுவில், மரமோ கூரையோ எதுவும் மறைக்காத இடத்தில், கான்கிரீட் மேடை கட்டி ஏற்றி வைத்தார். அன்றிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் புகவில்லை. தண்ணீர் புகாத கிடங்கு என்று அதற்கும் ஒரு பாராட்டுக் கடிதம் வந்தது. வெயிலைப் பற்றி யாரும் கேட்கவில்லை, ஏனென்றால் வெள்ளம் வந்தது தண்ணீரால்.

நிலவன் ஆன்சியை உட்காரச் சொல்லவில்லை. ஆனால் பொறுமையாக விளக்கினார்.

"இதோ பாரும்மா. ஆணுறைங்கிறது ஒரு பொருள். அதுக்கு ஆசை கிடையாது, அக்கம்பக்கத்துல பழக்கம் கிடையாது, பொய் சொல்லத் தெரியாது. மனுஷங்களுக்கு இது எல்லாமே உண்டு. ரெண்டுல எதை நான் நம்பணும்? நான் பொருளைத்தான் நம்புவேன். அப்படி நம்பித்தான் இந்த நாற்காலிக்கு வந்தேன்."

"தெர்யாமத்தான் கேக்கறேன் சார். எப்பயாச்சும் ஒண்ணு கூடவா தப்பாவாது?"

"தப்பானா எங்களுக்குக் கேடயம் எப்படிம்மா கிடைக்கும்?"

இந்தப் பதிலில் ஏதோ ஓட்டை இருப்பது ஆன்சிக்குத் தெரிந்தது. எங்கே என்று தேடுவதற்குள் அப்பாவு ஒரு பெரிய தாம்பாளத்தோடு உள்ளே வந்துவிட்டார். தாம்பாளம் நிறையக் கூழ்வத்தல். நிலவன் ஒன்றை எடுத்து ஒடித்துப் பார்த்தார். சத்தம் கேட்டதும் முகம் மலர்ந்துவிட்டது. வீட்டு மொட்டை மாடியில் மூன்று நாள் காய வேண்டியது, கண்டெய்னர்மேல் காலையில் போட்டால் மதியச் சாப்பாட்டுக்குள் கல்லாகிவிடுகிறது, சென்னையிலேயே இப்படி வத்தல் காய்கிற இடம் வேறு கிடையாது என்று ஆன்சியிடமே பெருமைப்பட்டுக்கொண்டார். வெளியே ஜீப்பில் அவர் மனைவி பூங்கோதை தாம்பாளத்துக்காகக் காத்திருந்தார். நாற்பது கடந்தவர், கல்லூரி போகிற மகன் இருக்கிறான். மூக்கில் ஒரு எலுமிச்சம்பழத்தை வைத்துக்கொண்டு, கண்ணை மூடிச் சாய்ந்திருந்தார். எண்ணூர்ப் பக்கத்துக் காற்று ஒத்துக்கொள்ளாதவர்கள் அப்படி வைத்துக்கொள்வது வழக்கம்தான்.

செவ்வாய்க்கிழமைகளில் வலது கவுண்டரில் கர்ப்பிணிப் பரிசோதனை. அந்த வருஷம் கூட்டம் தாங்கவில்லை. உள்ளே இடம் போதாமல் முற்றத்தில் சாமியானா போட்டார்கள். கர்ப்பிணிப் பதிவில் மண்டலம் இதுவரை காணாத சாதனை படைத்துவிட்டதாக நிலவன் தலைமை அலுவலகத்துக்குத் தெரிவித்தார். அதற்கும் ஒரு கேடயம் உண்டு. இடது பக்கச் சாதனைக்கும் வலது பக்கச் சாதனைக்கும் நடுவில் ஒரு கதவுதான் இருந்தது. அதை அவர் ஒருநாளும் திறந்து பார்க்கவில்லை.

சாமியானாவில் ஆன்சிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தவள் தாஹிரா. வண்ணாரப்பேட்டையில் துணிக்கடை வைத்திருப்பவரின் மனைவி. மூன்று பிள்ளைகள் போதும் என்று முடிவெடுத்து அரண் வாங்கியவள். நாத்தனார்கள் பேசுவதை நிறுத்தி இரண்டு மாதம் ஆகிறது என்றாள். நீயும் இடது கவுண்டரா என்று ஆன்சி கேட்டாள். அதற்குப் பின்னால் இருந்தவள் திரும்பி, நானும்தான் என்றாள். அதற்கும் பின்னால் ஒருத்தி. ஒவ்வொருத்தியும் தனக்கு மட்டும்தான் இப்படி என்று நினைத்து, தலையைக் குனிந்துகொண்டு, தனித்தனியாக வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருத்தியிடமும் அலுவலகம் அதே வாக்கியத்தைச் சொல்லியிருந்தது. பொருள் குறையற்றது.

அன்றைக்குக் காவலாளி அப்பாவுக்கு மூட்டுவலி. சும்மாதானே உட்கார்ந்திருக்கிறீர்கள், கொஞ்சம் வத்தலுக்குக் காக்கா விரட்டுங்கள் என்று கர்ப்பிணிகளிடம் ஒரு கம்பைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் நிழலில் உட்கார்ந்துவிட்டார். தாஹிரா ஏணியில் இரண்டு படி ஏறி, விளிம்பைப் பிடிக்கக் கை வைத்தாள். வைத்த வேகத்தில் எடுத்துவிட்டாள். உள்ளங்கை சிவந்து கொப்புளம் கட்டியது.

"இதுக்குள்ள இன்னா பெரியவரே வெச்சிகீறீங்க?" என்று கேட்டாள்.

"உள்ளயா? உங்களுக்குக் குடுக்கிற பாக்கெட்டுதான். போன கோடையில வந்த சரக்கு" என்றார் அப்பாவு.

தாஹிரா கைப்பையைத் துழாவி, மிச்சம் கிடந்த ஒரு பாக்கெட்டை எடுத்தாள். பின்பக்கம் பொடி எழுத்தில் இருந்ததைச் சத்தமாகப் படித்தாள். வெயில் படாத, குளிர்ந்த இடத்தில் வைக்கவும்.

"மேல வத்தல் காயுது. கீழ நம்ம குடும்பம் காயுது" என்றாள் ஆன்சி.

இதுவரை அவளுக்கு இருந்தது குழப்பம். இப்போது வந்தது ஆத்திரம், சுத்தமான ஆத்திரம். புருஷன் படுக்கையைத் தூக்கிக்கொண்டு போனது, மாமியார் மூக்குப் பார்த்தது, ஐந்து பேர் எழுந்து நின்று கை தட்டியது எல்லாம் வத்தல் காய்கிற இந்த இரும்புப் பெட்டியால். ஓடிப்போய் நிலவனிடம் சொல்லிவிடலாம் என்று ஒருத்தி எழுந்தாள். ஆன்சி அவளைக் கையைப் பிடித்து உட்கார வைத்தாள்.

"சொன்னா கமிட்டி போடுவான். சொல்லாத. அவன் மேடை போடட்டும்."

விழாவுக்கு நிலவன் பெரிய மனதோடு திட்டம் போட்டிருந்தார். இரண்டு கேடயமும் ஒரே மேடையில். தலைமை அலுவலகத்திலிருந்து இயக்குநர் வருகிறார். மேடையின் இடதுபக்கம், விடாமல் அரண் வாங்கிய குடும்பத்தலைவிகள் வரிசையாக வந்து நின்று வணக்கம் சொல்ல வேண்டும். வலதுபக்கம் நாற்காலி போட்டு, கர்ப்பிணிகளுக்குச் சமுதாய வளைகாப்பு. வளையல், சந்தனம், ஐந்து வகைச் சாதம். பெண்களைக் கூட்டி வரும் பொறுப்பு செங்கொடி சிஸ்டருக்கு. ஆன்சி அவரைத் தேடிப் போனாள். நீங்கள் எதற்கும் வாயைத் திறக்க வேண்டாம், பொய்யும் சொல்ல வேண்டாம், விடாமல் பாக்கெட் வாங்கியவர்களை மட்டும் இடதுபக்கம் நிறுத்துங்கள், ஐயா சொன்னது அதுதானே என்றாள். செங்கொடி அவளை ஒரு நிமிஷம் பார்த்தார். உத்தரவு அப்படித்தான் இருக்கிறது, உத்தரவை மீறுகிற பழக்கம் எனக்கு இல்லை என்றார்.

விழா நாள். திருவொற்றியூர் நெடுஞ்சாலையில் ஒரு கல்யாண மண்டபம். ‘கவலையில்லாத் தம்பதியர், கர்ப்பமில்லா ஆண்டு’ என்று மேடைக்குப் பின்னால் பெரிய பதாகை. வாசலில் இரண்டு ஒலிபெருக்கி, ரோட்டைப் பார்த்து. முன்வரிசையில் ஒருபக்கம் பொன்னாடையோடு ஜெரி, இன்னொரு பக்கம் பட்டுப்புடவையில் பூங்கோதை. நிலவன் மைக்கைப் பிடித்தார்.

"ஆறு ஆண்டுகளாக இந்த மண்டலத்தில் ஓர் ஆணுறைகூடத் தோற்றதில்லை. தோற்றது என்று சொல்லிக்கொண்டு சில பெண்கள் வந்ததுண்டு. அவர்களின் நிலைமையை நாங்கள் நன்றாகவே புரிந்துகொண்டு, மனிதாபிமானத்தோடு திருப்பி அனுப்பியிருக்கிறோம். இதோ, எங்கள் வெற்றிக்குச் சாட்சியாக அரண் குடும்பத்தலைவிகள் மேடைக்கு வருகிறார்கள்."

நாதஸ்வர இசைத்தட்டு போட்டார்கள். இடதுபக்கப் படியில் ஆன்சி ஏறினாள், ஏழாம் மாத வயிற்றோடு. பின்னால் தாஹிரா, ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. அவள் பின்னால் இன்னொரு வயிறு. அதன் பின்னால் இன்னொன்று. மேடையின் இடதுபக்கம் நிரம்பி, நடுப்பக்கத்துக்கு வழிந்து, பதாகையின் கீழே நீளமாக நின்றது. வலதுபக்கத்து நாற்காலிகள் காலியாக இருந்தன. வளையல் தட்டுகள் மட்டும் அவற்றின்மேல் உட்கார்ந்திருந்தன.

இயக்குநர் கேடயத்தைக் கையில் வைத்துக்கொண்டு, வளைகாப்பு முதலிலா என்று மெல்லக் கேட்டார். நிலவன் ஓடி வந்தார். கர்ப்பிணிகள் அந்தப் பக்கம் போக வேண்டும், வரிசை மாறிவிட்டது என்று கையை ஆட்டினார். அவர் கையிலிருந்த மைக்கை ஆன்சி மெதுவாக வாங்கிக்கொண்டாள்.

"வரிச மாறல சார். நாங்கதான் பாக்கெட்டு வாங்குனவங்க. இவங்கள்ல யார்னா வாங்கலன்னா சிஸ்டரக் கேளுங்க."

செங்கொடி மேடையோரத்தில் நின்று, எல்லாரும் விடாமல் வாங்கியவர்கள்தான் ஐயா என்று அடக்கமாகச் சொன்னார். மண்டபத்தில் முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. நிலவனுக்கு வியர்த்தது. தனக்குத் தெரிந்த ஒரே வாக்கியத்தை இறுகப் பற்றிக்கொண்டு, ஆன்சியின் கையிலிருந்த மைக்கைத் தன் பக்கம் இழுத்துக் கத்தினார்.

"பொருள்ல எந்தக் குறையும் இல்லை. இத்தனை பேர் வயித்துல பிள்ளை இருந்தா, இத்தனை பேரையும்தான் தனித்தனியா விசாரிக்கணும். பொருள் பொய் சொல்லாது."

சிரிப்பு நின்றுவிட்டது. முன்வரிசையில் பூங்கோதை எழுந்தார். எலுமிச்சம்பழத்தை நாற்காலியில் வைத்தார். புடவைக் கொசுவத்தைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, இடதுபக்கப் படியில் ஒவ்வொன்றாக ஏறி, யாரையும் பார்க்காமல் வரிசையின் கடைசியில் போய் நின்றார். எங்கே போகிறார் என்று கணவருக்கே புரியவில்லை. தாஹிரா நகர்ந்து இடம் கொடுத்தாள்.

"முதல்ல என்னை விசாரிங்க" என்றார் பூங்கோதை. "நம்ம வீட்டுக்கும் இந்த ஆபீஸ் பாக்கெட்தான் வருது. மூணு மாசம். உங்ககிட்ட எப்படிச் சொல்றதுன்னு பயந்துகிட்டிருந்தேன். ஏன் பயந்தேன்னு இப்ப எல்லாருக்கும் தெரிஞ்சிருக்கும்."

நிலவன் கைக்குட்டையை எடுத்து முகத்தைத் துடைத்தார். ஆன்சி அந்த முகத்தை ஆசை தீரப் பார்த்தாள். இரக்கம் வருகிறதா என்று தனக்குள் தேடினாள், வரவில்லை. மைக்கை அவர் வாய்க்கு நேராகப் பிடித்தாள்.

"இப்ப சொல்லுங்க சார். பொருளா, ஆளா?"

மண்டபம் காத்திருந்தது. பூங்கோதை காத்திருந்தார். நிலவன் மனைவியைப் பார்த்தார், கேடயத்தைப் பார்த்தார், மறுபடி மனைவியைப் பார்த்தார்.

"பொருள்" என்றார். "பொருள்தான். அது... தோத்துப் போகும்."

"வெளிய கேக்கல சார். இன்னொரு தபா."

"ஆணுறை தோத்துப் போகும்" என்று அவர் உரக்கச் சொன்னார். வாசலில் இருந்த இரண்டு ஒலிபெருக்கிகளும் அதை நெடுஞ்சாலைக்கு எடுத்துச் சொன்னன. வரிசையில் நின்ற பெண்களில் பாதிப் பேர் அழுதார்கள். மீதிப் பேர் வலதுபக்கம் போய், தங்களுக்கு வைத்திருந்த வளையலை எடுத்து ஒருவருக்கொருவர் போட்டுக்கொண்டார்கள். பூங்கோதைக்கு ஆன்சி போட்டுவிட்டாள்.

வாரியம் சும்மா இருக்கவில்லை. உயர்மட்டக் குழு கூடி, மூன்று அமர்வுகள் விவாதித்து, உறுதியான நடவடிக்கை எடுத்தது. கண்டெய்னர்மேல் வத்தல் காயப்போடுவதற்கு நிரந்தரத் தடை. மதிலையும் மாற்றி எழுதினார்கள். தொண்ணூற்றெட்டு என்று எழுத வேண்டும் என்றார் செங்கொடி, அதுவும் சரியாக வைத்து, சரியாகப் போட்டால் மட்டும் என்று சேர்க்கச் சொன்னார். நூறை விட்டுக்கொடுக்க முடியாது என்றது குழு. பேரம் பேசித் தொண்ணூற்றொன்பதில் முடித்தார்கள். கண்டெய்னர் அங்கேயே வெயிலில்தான் நிற்கிறது, தண்ணீர் புகுந்ததில்லை. நிலவன் நீண்ட விடுப்பில் இருக்கிறார். வீட்டு மொட்டை மாடியில் மூன்று நாள் வத்தலுக்குக் காவல் இருப்பதாகக் கேள்வி.

விழா முடிந்த அன்று சாயங்காலமே ஜெரி தலையணையோடு ராயபுரம் சந்துக்கு வந்துவிட்டான். பொன்னாடையைக் கழற்றி மடித்து அக்குளில் வைத்திருந்தான். ஆன்சி வாசலில் நின்றாள். அவன் சொன்ன சொல்லைக் காப்பாற்றத் தெருவிலேயே மண்டி போட்டான்.

"எந்திரி. வுழ வாணாம்" என்றாள் ஆன்சி. "செவுறு சொல்லிச்சி, நம்புன. மைக்கு சொல்லிச்சி, நம்பிட்ட. நான் சொன்னத எப்ப நம்புவ?"

அவன் எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினான். உள்ளே வரலாமா என்று மட்டும் கேட்டான்.

"ஹார்பர் கேட்டுல நாள் கணக்கா நின்னு பழக்கம்தான. இங்கயும் லைன்ல நில்லு. கூப்புடும்போது வா."

கதவைச் சாத்தினாள். அன்றிலிருந்து வண்டி இல்லாத நாளெல்லாம் ஜெரி அந்தச் சந்து முனையில்தான் நிற்கிறான். மூத்த பிள்ளையைப் பள்ளியில் விடுகிறான், தண்ணீர்க் குடம் கொண்டுவந்து வாசலில் வைக்கிறான், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ பிடித்துக்கொண்டு வந்து எட்டி நிற்கிறான். மாமியாரும் ஒருநாள் வந்து அவனுக்குப் பின்னால் நின்றாள். குழந்தை பிறந்தது. டாக்டரம்மா பயந்தபடி ஆகவில்லை, தையல் தாங்கியது. கூடவே குடும்பக் கட்டுப்பாடும் செய்துகொண்டு வீடு திரும்பி, ஆன்சி மறுபடி இறால் கம்பெனிக்குப் போக ஆரம்பித்துவிட்டாள். பெண் குழந்தை, மூக்கு அப்படியே ஜெரிதான்.

வரிசை இன்னும் நகரவில்லை.